காற்றில் போன நத்தைகள்

வாவுடாவைப் பற்றி எங்கள் ஊரில் யார் பேசினாலும் முறத்தில்தான் தொடங்குவார்கள். நானும் அங்கேதான் தொடங்குகிறேன். ஆனால் மற்றவர்கள் சிரித்துவிட்டு நிறுத்தும் இடத்தில் நான் நிறுத்தப்போவதில்லை.

தைத்தா மலையில் அவரை விளைந்த காலத்தில் அவள் முறத்தை ஒருமுறை தூக்கிப் போட்டால் கல் ஒரு பக்கம், சொத்தைக் கொட்டை ஒரு பக்கம், நல்லது நடுவில் என்று வந்து விழும். உமி பக்கத்து வயலுக்குப் போய்விடும். கல்யாண வீட்டு மூட்டைகள் அவள் வாசலுக்குத்தான் வரும். "வாவுடா புடைச்சதா?" என்று கேட்டுவிட்டு, ஆமாம் என்றால் கல் பொறுக்காமல் அப்படியே உலையில் போடுவார்கள். அவ்வளவு நம்பிக்கை. அவளுக்கும் அதில் கொஞ்சம் தலைக்கனம் உண்டு, இல்லையென்று சொல்லமாட்டேன்.

அவளை வோய் நகரத்தில் கட்டிக்கொடுத்தார்கள். புருஷன் ரயிலடியில் வேலை. நான்கு வருஷம் இருந்தாள். ஒருநாள் அவன் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டு, "முறம் பிடிக்கிற கைக்கு இவ்வளவு திமிரா?" என்று கேட்டிருக்கிறான். அடுத்த மடாட்டு வேனில் முறத்தை மடியில் வைத்துக்கொண்டு மலையேறி வந்துவிட்டாள். அவளுடைய அண்ணன் வாசலில் நின்று கத்தினான்.

"சட்டி பானை எல்லாத்தையும் விட்டுட்டு, போயும் போயும் இதையா தூக்கிட்டு வந்தே?"

"அதெல்லாம் அவங்க வீட்டுது. இது என்னோடது. வழியை விடு, பசிக்குது."

பிறகு கிஷாவி காட்டுக்குக் கீழே, அம்மா வழியில் வந்த துண்டு நிலத்தில் குடிசை போட்டுக்கொண்டு முட்டைக்கோஸ் வைத்தாள். கிஷாவி பெரிய காடு இல்லை. ஒரு கோப்பைத் தேநீரோடு இந்தப் பக்கம் நுழைந்தால், ஆறுவதற்குள் அந்தப் பக்கம் வந்துவிடலாம். ஆனால் எங்கள் முன்னோர் ஊருக்குக் காவலாக விட்டுவைத்த காடு அது. அதில் யாரும் கத்தி வைத்ததில்லை. அதன் அடியிலிருந்து வருகிற ஊற்றைத்தான் அவளுடைய முட்டைக்கோசும் எங்கள் பதினெட்டு வீடுகளும் குடிக்கின்றன.

அந்தக் காட்டுக்கு அடியில் நல்ல கருங்கல் இருப்பதாகக் கடற்கரைப் பக்கத்து நிறுவனம் ஒன்று கண்டுபிடித்தது. கல் உடைப்பதற்கு முன்னால் காட்டில் என்னென்ன உயிர் இருக்கிறதென்று எண்ணவேண்டும் என்பது சட்டமாம். எண்ணுவதற்கு ரிகா என்ற படித்த பிள்ளை வந்தார். எங்கள் மலைக்காரர்தான், வுண்டன்யி டவுனில் அலுவலகம். எதை எண்ணப்போகிறார் என்று கேட்டோம்.

"நத்தை," என்றார்.

ஊரே சிரித்தது. அவர் கோபப்படவில்லை. "யானை இன்னிக்கு இங்கே இருக்கும், நாளைக்கு அங்கே போயிடும். நத்தை எங்கே போகும்? ஒரு காட்டில் எத்தனை வகை நத்தை இருக்கு, ஒவ்வொண்ணும் எத்தனை இருக்குன்னு பார்த்தாலே அந்தக் காடு எவ்வளவு பழசு, எவ்வளவு செழிப்புன்னு தெரிஞ்சிடும்," என்றார். மேட்டுக்கு அந்தப் பக்கத்துப் பெரிய காட்டில் ஆண்கள் குழு ஒன்று எண்ணும். கிஷாவியில் இன்னொன்று எண்ணும். இரண்டையும் ஒப்பிட்டு, எது வளமானதோ அதைக் காப்பாற்றுவார்கள். அதுதான் ஏற்பாடு.

கிஷாவிக்கும் அவர் ஆண்களைத்தான் கூட்டிவந்தார். வாவுடா போய் வண்டியின் முன்னால் உட்கார்ந்துகொண்டாள்.

"அக்கா, எழுந்திருங்க. நேரமாகுது."

"யாரு தம்பி இவங்க? இந்தக் காட்டுல ஒருநாளாவது சுள்ளி பொறுக்கியிருக்காங்களா? எந்த மரத்தடியில சருகு மக்கிக் கிடக்குன்னு கேளு, சொல்லட்டும்."

கேட்டார். அவர்கள் வானத்தைப் பார்த்தார்கள். அப்படித்தான் வாவுடா, அடுத்த வீட்டு சபீனா, டோர்கஸ் ஆகிய நான் என மூவரும் வேலைக்குச் சேர்ந்தோம். மலையில் பெண்களுக்கு அப்படியொரு வேலை கிடைத்தது அதுதான் முதல்முறை. ஆளுக்கொரு மழைக்கோட்டுகூடக் கொடுத்தார்கள். சபீனா வெயிலிலும் அதைக் கழற்றமாட்டாள்.

வேலை இதுதான். கயிறு கட்டிய சதுரத்துக்குள் சருகை அள்ளிப் பையில் நிரப்பவேண்டும். சல்லடையில் சலித்து, தூளைக் காயவைத்து, ஈரக் குச்சியின் நுனியால் நத்தை ஓடுகளைப் பொறுக்கவேண்டும். தோட்டத்து நத்தை மாதிரி இல்லை. கடுகளவு, கசகசா அளவு. முட்டை அட்டையில் குழிக்கு ஓர் இனம் என்று பிரித்துவைக்கவேண்டும். உயிருள்ளதும் கணக்கு, வெற்று ஓடும் கணக்கு. எனக்கு அந்த வேலை ரொம்பப் பிடித்திருந்தது. நாற்பது வருஷம் மிதித்து நடந்த சருகுக்குள் இப்படியொரு ஊர் இருந்திருக்கிறதே என்று வாய்பிளந்து உட்கார்ந்திருப்பேன்.

மூன்றாம் நாள் ரிகா சந்தைக்குப் போனார். காட்டில் அள்ளிய மொத்தப் பதினொரு பைகளோடு நாங்கள் மூவர் மட்டும். தூசி கண்ணை உறுத்தியது. வாவுடா குச்சியைத் தூக்கி எறிந்தாள்.

"இப்படி ஒண்ணொண்ணா கிண்டிட்டிருந்தா கிறிஸ்துமஸ் வந்துடும். நமக்குக் கை எதுக்கு இருக்கு?"

கீழே போய் மூன்று முறம் கொண்டுவந்தாள். காட்டோரம் பாறை ஒன்று உண்டு. பள்ளத்துக் காற்று நேராக வந்து அதில்தான் மோதும். மூன்று பேரும் வரிசையாக நின்று தூற்றினோம். மண்ணும் கனமான ஓடும் முறத்தில் நின்றன. தூசும் துரும்பும் பறந்தன. மதியத்துக்குள் பதினொரு பையும் தீர்ந்துவிட்டது. சபீனா பாட்டுக்கூடப் பாடினாள்.

ரிகா திரும்பி வந்தபோது முறங்கள் மூன்றும் பாறையில் சாய்ந்திருந்தன. எங்கள் தலையெல்லாம் வெள்ளைத் தூசி. அவர் முறங்களைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், முட்டை அட்டைகளைப் பார்த்தார். முகம் மலர்ந்துவிட்டது.

"அடேங்கப்பா! இவ்வளவு சுத்தமா எந்தக் குழுவும் குடுத்ததில்ல அக்கா!"

இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். நான் வைத்திருக்கிறேன்.

இரண்டு மாதம் கழித்து ஊர்க்கூட்டத்தில் அறிக்கையைப் படித்தார்கள். பெரிய காட்டில் நாற்பத்து நான்கு இனம். கிஷாவியில் பதினேழு. நிறுவனத்து ஆள் எழுந்து, "இது ஏழைக் காடுங்க. இதை வெச்சு யாருக்கு என்ன லாபம்? அந்தப் பெரிய காட்டைப் பத்திரமா பார்த்துக்குவோம்," என்று இனிக்க இனிக்கப் பேசினான். எங்கள் மலைக்குத் தலைவரான சீஃப் நியாம்பு தலையாட்டினார். ஊற்று என்ன ஆகும் என்று கேட்டவர்களுக்குத் தண்ணீர்த் தொட்டி கட்டித்தருவதாகப் பதில் வந்தது. எண்ணியவள் வாவுடாவே; எண்ணிக்கையோடு எப்படிச் சண்டை போடுவாள்?

பிறகு மழை பிடித்தது. ஒருநாள் மழை விட்ட வேளையில் அவள் என் அடுப்படிக்கு வந்தாள். உடுத்திய துணி நனைந்திருந்தது. கையை இறுக மூடியிருந்தாள்.

"டோர்கஸ், கையை நீட்டு."

நீட்டினேன். என்னவோ பொடியாகக் கொட்டினாள்.

"என்னது, தினையா?"

"நல்லா பாரு."

வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். சுருள் சுருளாக, ஊசி மாதிரி நீண்டும் பொத்தான் மாதிரி தட்டையாகவும் நத்தை ஓடுகள். எங்கள் முட்டை அட்டையில் வராத ஓடுகள்.

"அந்தப் பாறைக்கு அந்தாண்ட, இடுக்குல கிடக்குது. மழைத்தண்ணி சருகை எல்லாம் அடிச்சிட்டுப் போய், இது மட்டும் வெள்ளையா நிக்குது. செத்த ஓடு காத்துக்கு என்ன கனம் இருக்கும்? உமியோட உமியா பறக்க விட்டுட்டேன்டி. ஆம்பளைங்களுக்குப் புடைக்கத் தெரியாது, அதனால அங்க நாப்பத்து நாலு. எனக்குத் தெரியும், அதனால இங்க பதினேழு."

அவள் அழுததை நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். அதுவும் அரை நிமிஷம். பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு, "ரிகா தம்பி ஆபீசுக்குப் போறேன்," என்றாள்.

அதற்குள் சபீனாவும் வந்துவிட்டாள். விஷயத்தைக் கேட்டதும் தலையில் அடித்துக்கொண்டாள்.

"உனக்குக் கிறுக்கா? பொம்பளைங்க கெடுத்துட்டாங்கன்னு எழுதுவானுங்க. இனிமே நம்மளை எந்த வேலைக்காவது கூப்பிடுவானுங்களா? வாயைத் திறக்காதே!"

"திறக்கலைன்னா காடு போயிடும்."

"நீ திறந்தா உன் மானம் போயிடும். உன் முறத்துக்காகத்தானே ஊரே உன் வாசல்ல நிக்குது?"

"நிக்காம போகட்டும்."

நான் சட்டியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். ஏற்கெனவே துடைத்த சட்டி.

துணைக்கு மட்டும் போனேன். ரிகா ஓடுகளைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். இடுக்கில் கிடந்ததைக் கணக்கில் சேர்க்கமுடியாது, எந்தப் பையிலிருந்து வந்ததென்று சொல்லமுடியாதே என்றார். மறுபடியும் எண்ண வேண்டுமென்றால், முதல் எண்ணிக்கை ஏன் பிழையானது, யாரால் பிழையானது என்று எழுதி மேலே அனுப்பவேண்டும் என்றார்.

"மழையால கெட்டுப்போச்சுன்னு எழுதிடலாம் அக்கா. யாருக்கும் கெட்ட பேர் வராது."

"மழை வந்தது போன மாசம். எண்ணினது அதுக்கு முன்னால. ஒருத்தன் தேதியைப் பார்த்தான்னா உன் காகிதத்தைக் கிழிச்சு மூஞ்சியில எறிவான். நடந்ததை எழுது. பாறையில நின்னு புடைச்சது வாவுடா. எழுது."

"அக்கா, பேர் போட்டா அப்புறம் உங்களை நான் வேலைக்கு எடுக்கவே முடியாது."

"காதுல விழுந்துச்சு. எழுது தம்பி. எழுத்துப் பிழை இல்லாம எழுது."

அவர் பேனாவைத் திறந்துவிட்டு, வாசலில் நின்ற என்னை ஒருமுறை பார்த்தார். நான் சுவரில் மாட்டியிருந்த நாட்காட்டியைப் பார்த்தேன். அதில் ஒரு நீர்யானைப் படம். இன்றைக்கும் அந்த நீர்யானையின் பல்லைக்கூட என்னால் எண்ணிச் சொல்லமுடியும், அவ்வளவு கவனமாகப் பார்த்தேன். அவர் ஒரே ஒரு பெயரை எழுதினார்.

மறு எண்ணிக்கைக்கு ஆண்கள் வந்தார்கள். வாவுடா காட்டுக்குள் வரக்கூடாது என்று உத்தரவு. வரமாட்டேன் என்று அவளும் சொல்லிவிட்டு, கயிற்றுக்கு ஒரு முழம் வெளியே, அதே பாறையில் ஒன்பது நாளும் உட்கார்ந்திருந்தாள். அவரையும் கிழங்கும் மசித்த கிமங்காவை இலையில் கட்டிக்கொண்டு வருவாள். சாப்பிடும்போதும் கண் அவர்கள் கையில்தான். ஒருவன் தட்டில் இருந்த தூசியை லேசாக ஊதினான்.

"ஊதாதே! டேய், ஊதாதேங்கறேன்! தும்மல் வந்தாக்கூடத் திரும்பி நின்னு தும்மு!"

"இந்தம்மாவுக்கு இங்க என்ன வேலை?" என்று அவன் முணுமுணுத்தான்.

"நான் பண்ணின தப்பை நீ பண்ணாம பார்த்துக்கிறது. அதான் வேலை. குனி, பொறுக்கு."

இரண்டாவது கூட்டத்துக்கு மலையே வந்திருந்தது. ரிகா படித்தார். கிஷாவியில் ஐம்பத்தொரு இனம். பெண்கள் குலவையிட்டார்கள். நிறுவனத்து ஆள் தாளை வாங்கிப் புரட்டினான், சிரித்தான்.

"இதுல இருபத்திரண்டு இனம் ஒண்ணே ஒண்ணுதான் கிடைச்சிருக்கு. ஒரே ஒரு ஓடு! அது பறவை கால்ல ஒட்டிட்டு வந்திருக்கும், எவன் செருப்புலயாவது வந்திருக்கும். ஒத்தையா வந்ததை எல்லாம் தள்ளிடுங்க. மீதி இருபத்தொம்பது. பெரிய காட்டைவிடக் கம்மிதான்."

சீஃப் மறுபடியும் தலையாட்டத் தொடங்கினார். பின்வரிசையில் வாவுடா எழுந்தாள்.

"சீஃப் ஐயா, ஒரு கேள்வி. இந்த மலையில விவசாயி எத்தனை பேர்?"

"ஆயிரம் பேர் இருப்பாங்க. ஏன்?"

"வாத்தியாரு?"

"ஒரு முப்பது."

"சீஃப்பு?"

"நான் ஒருத்தன்தான்."

"அப்போ உங்களையும் தள்ளிடலாமா ஐயா? யாரு செருப்புல ஒட்டிட்டு வந்தீங்களோ?"

கூட்டம் வெடித்துச் சிரித்தது. சீஃப்பின் தலையாட்டல் நின்றது. நிறுவனத்து ஆளின் மூக்கு உடைந்தது. அவன் பெரிய காட்டுப் பட்டியலில் எத்தனை ஒற்றைகளைத் தள்ளினான் என்று யாரோ கேட்டார்கள், அவன் தாளை மடித்துப் பையில் வைத்தான். அந்தச் சிரிப்பில்தான் ரிகாவுக்கும் முதுகெலும்பு நிமிர்ந்தது என்று நினைக்கிறேன். எழுந்து நின்றார்.

"அவங்க சொல்றது சரி. எல்லா இனமும் பத்து இருபதுன்னு கிடைச்சிருந்தா, இருக்கிறதெல்லாம் வந்துடுச்சுன்னு நான் மூட்டை கட்டியிருப்பேன். இத்தனை இனம் ஒண்ணொண்ணா வருதுன்னா என்ன அர்த்தம்? இன்னும் நம்ம கையில மாட்டாதது உள்ள நிறைய இருக்குன்னு அர்த்தம். ஒண்ணே ஒண்ணு கிடைச்சதைத் தள்ளக்கூடாது. அதை வெச்சுத்தான் கிடைக்காதது எவ்வளவுன்னு கணக்கே போடுவோம். ஐம்பத்தொண்ணு கம்மி. இந்தக் காட்டுல அதுக்கும் மேல இருக்கு."

கிஷாவி தப்பியது. கல் உடைப்பவர்கள் இரண்டு காட்டையும் விட்டுவிட்டு, அந்தப் பக்கத்து மொட்டைச் சரிவுக்குப் போனார்கள். ஊற்று இன்றைக்கும் ஓடுகிறது.

ஆனால் அன்றைக்குக் கூட்டம் கலைவதற்கு முன்னால் இன்னொன்றையும் படித்தாகவேண்டும் என்பது விதி. "முதல் எண்ணிக்கையில் நேர்ந்த பிழை: ஓடுகள் காற்றில் தூற்றப்பட்டன. பிழை செய்தவர்: வாவுடா." ஜனம் சிரித்தது. சற்று முன்னால் குலவையிட்ட அதே வாய்கள். அன்றிலிருந்து அவளுக்கு "காத்துக்காரி" என்று பேர். காட்டைக் காப்பாற்றிய கதை ஒரு மாதம் நின்றது. இந்தப் பேர் நின்றே விட்டது. கல்யாண மூட்டைகள் வேறு வாசலுக்குப் போயின. "நல்ல அவரையையும் பறக்க விட்டுடுவா," என்று சந்தையில் சிரித்தார்கள். நானும் சபீனாவும் அந்தச் சந்தையில்தான் நின்றோம். நாங்களும் புடைத்தோமா என்று எவரும் கேட்கவில்லை, நாங்களும் சொல்லவில்லை. என்னை நினைத்து எனக்கே எரிச்சலாக வருகிறது.

அவளோ தன் சொந்த அவரையைத் தூக்கிக்கொண்டு அதே பாறைக்குப் போய், ரோட்டைப் பார்த்து நின்று புடைத்தாள். போகிறவர் வருகிறவர் எல்லாரும் பார்க்கட்டும் என்று.

அடுத்த வருஷம் மலையில் உள்ள எல்லாக் காவல் காடுகளையும் எண்ணப்போவதாகச் செய்தி வந்தது. ரிகா ஆள் எடுக்க வந்தார். பள்ளிக்கூட மரத்தடியில் மேஜை போட்டு, பழைய தாள்களையும் வைத்திருந்தார். வாவுடாவும் வரிசையில் நின்றாள். கூப்பிடமாட்டார்கள் என்று தெரிந்தே நின்றாள். அவள் முறை வந்ததும் ரிகா எழுந்தார்.

"அக்கா, என் கையில இல்ல. இந்தத் தாள்ல உங்க பேர் இருக்கு."

"இருக்கட்டும். எனக்கு வாசிக்கத் தெரியும். இருந்தாலும் வரிசையில நிப்பேன். வருஷா வருஷம் நிப்பேன். ஒவ்வொரு தடவையும் நீ எழுந்திருச்சு இதைச் சொல்லணும்."

அடுத்தது நான். ரிகா சிரித்தபடி மழைக்கோட்டை நீட்டினார். "வாங்க டோர்கஸ் அக்கா. உங்களை மாதிரி அனுபவம் யாருக்கு இருக்கு?"

கோட்டு என் கையைத் தொட்டது. எனக்கு என்ன ஆனதென்று தெரியவில்லை. அந்த நீர்யானைதான் ஞாபகம் வந்தது.

"அந்தத் தாளை எடு தம்பி," என்றேன். "அதுல எத்தனை பேர் இருக்கு?"

"ஒண்ணுதான்."

"ஒண்ணே ஒண்ணு கிடைச்சா என்ன அர்த்தம்னு நீதானே கூட்டத்துல சொன்னே? மூணு முறம் புடைச்சுது அன்னிக்கு. ரெண்டாவது என்னோடது. என் பேரை எழுது."

எனக்குப் பின்னால் சபீனா பல்லைக் கடிப்பது கேட்டது. "நாசமா போறவளே, இப்பதான் உனக்கு வாய் முளைச்சுதா?" என்றாள். பிறகு மழைக்கோட்டைக் கழற்றி மேஜைமேல் விட்டெறிந்தாள். "என் பேரையும் எழுதித் தொலை. மூணாவது முறம் நான்."

ரிகா எழுதினார். எழுதி முடித்துப் பேனா மூடியைத் திருகப்போனார்.

வாவுடா மேஜைக்குக் கிட்டே வந்தாள். எங்களைப் பார்க்கவில்லை. அவரைத்தான் பார்த்தாள்.

"மூட்டை கட்டாதே தம்பி. இன்னும் இருக்கு. தேடு."

அவர் நிமிர்ந்தார். பாறையும், சாய்ந்திருந்த முறங்களும், எங்கள் தலைத் தூசியும், 'இவ்வளவு சுத்தமா' என்று அவர் தடுக்காமல் மெச்சியதும் எங்கள் நான்கு பேருக்கு மட்டும்தான் தெரியும். மூடியை மேஜையில் வைத்துவிட்டு, எங்கள் மூவரின் பெயருக்கும் கீழே, நான்காவதாகத் தன் பெயரை எழுதினார்.